நான் ஆசிட் அடிக்கவில்லை, ஆசிட்தான் என்னை அடித்தது

அருமனைச் சந்தையில் இன்னும் நாலைந்து பேர் என்னைக் கண்டால் முகத்தைப் பார்ப்பதில்லை, தொண்டையைப் பார்க்கிறார்கள். ‘பாவம், என்ன கஷ்டமோ, ஆசிட்டை எடுத்துக் குடிச்சிருக்காரு’ என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு, வாயால் “சுகம்தானா?” என்கிறார்கள். ஒவ்வொருவரையும் நிறுத்தி விளக்கம் சொன்னால் எனக்கு மூச்சு வாங்குகிறது. ஆகவே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு உங்கள் வீட்டுக் குளியலறை மூலையை ஒருமுறை எட்டிப் பார்த்தீர்கள் என்றால், நான் இருமிய இருமல் வீண்போகவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. வேலை, ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளர். சிரிக்காதீர்கள், சிரிப்பதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. லேபிள் ஒட்டாத பாட்டிலைத் தொடாதே, ஒன்றில் இன்னொன்றை ஊற்றாதே, சன்னலைத் திற என்று இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளை அதட்டுகிறவன் நான். வீட்டிலோ கொஞ்சம் ரப்பர் மரங்கள் உண்டு. மரத்தில் எடுக்கும் பாலை உறைய வைத்து ஷீட்டாக்க ஃபார்மிக் ஆசிட் வேண்டும். ரப்பர் உள்ள வீடுகளில் அது தயிருக்கு உறைமோர் மாதிரி. பள்ளிக்கூடத்தில் இருப்பது ஆசிட், வீட்டில் இருப்பது பாலுக்கு விடுகிற சாதனம். இரண்டும் ஒரே சாதிதான் என்று என் மூளையின் இரண்டு பகுதிகளும் ஒருநாளும் உட்கார்ந்து பேசிக்கொண்டதில்லை.

எங்களுக்கு ஒரே மகள், ஷைனி. கல்யாணமாகித் தேங்காய்ப்பட்டணத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். மருமகன் மஸ்கட்டில். தலைப்பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். ஏழு தவறினால் ஒன்பது. எட்டில் வாசல் தாண்ட விடமாட்டார்கள். ஷைனிக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. ஒன்பதாம் மாதத்தில் நம் ரோட்டில் குலுங்கிக்கொண்டு வர வேண்டாம் என்று அவளுடைய டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, ஏழு போனால் பிள்ளை அங்கேதான் பிறக்கும். பேரனோ பேத்தியோ எங்கள் வீட்டில் அழ வேண்டும் என்பது எனக்கும் லீலாவுக்கும் உள்ள ஒரே ஆசை. லீலா என் மனைவி. கூட்டிவரும் நாள் புதன்கிழமை என்று முடிவாயிற்று. சனிக்கிழமை நான் துடைப்பத்தை எடுத்தேன்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம். குளியலறைத் தரை முழுக்கச் செங்கறை. அதைப் போக்க லீலா காலையிலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊறப் போட்டுவிட்டுக் கோழிக்குத் தீனி வைக்கப் போயிருந்தாள். இரும்புக்கறைக்கு ரப்பர் ஆசிட் போல வராது என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். நான் இடுப்பில் துவர்த்தை, அதாவது ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி, ஒரு மக்கு நிறைய ஆசிட்டை ஊற்றினேன். தரையில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. சோப்புத்தூள் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருட அனுபவம்!

நுரைத்தது. பிறகு ஒரு பச்சை மஞ்சள் காற்று எழுந்தது. பிளீச்சிங் பவுடரும் எந்த ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஒன்பதாம் வகுப்புப் பாடம். குளியலறைக்குச் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. வவ்வால் வருகிறது என்று போன வருடம் அதை அட்டை வைத்து அடைத்தது யார் என்று கேட்காதீர்கள். கண்ணில் மிளகாயை அரைத்துப் பூசியது போல் இருந்தது, நெஞ்சுக்குள் கயிறு போட்டு இழுத்தார்கள். கதவைத் திறந்து ஓடுகிறவன்தான் மனிதன். ஆனால் வெளியே லீலாவோடு சபைப் பெண்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. துவர்த்தோ சின்னது. மானமா மூச்சா என்று நான் யோசித்தேன். யோசித்த அந்த அரை நிமிடத்துக்குத்தான் மூன்று நாள் ஆஸ்பத்திரி. கடைசியில் மூச்சு ஜெயித்தது. மானம் கதவருகிலேயே அவிழ்ந்து விழுந்தது.

பக்கத்து வீட்டுச் சேவியர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு வேட்டியைச் சுற்றி என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தான். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, நன்றாகவே பார்த்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் தர்மபுரிப் பக்கத்துப் பெண், வந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம். எங்கள் பேச்சு அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

“என்னம்மா ஆச்சு?” என்றாள்.

“ஆசிட் அடிச்சிட்டு பிள்ளே!” என்று லீலா அலறினாள்.

மணம் அடிக்கிறது, காற்று அடிக்கிறது என்கிற மாதிரி ஆசிட் அடித்துவிட்டது என்று அதற்குப் பொருள். தர்மபுரிக் காதுக்கு, மற்றவர்கள் சாராயம் அடிப்பது போல இந்த மனுஷன் ஆசிட் அடித்துவிட்டு வந்திருக்கிறான்.

“எவ்ளோ அடிச்சாரு?”

“ஒரு மக்கு நிறைய விட்டாரு பிள்ளே!”

நர்சின் முகம் வெளுத்தது. “சும்மாவா? எதுலயாவது கலந்தா?”

“பிளீச்சிங் பவுடருல!”

நான் கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. ஆட்ட ஆட்ட நாலு பேர் என்னைப் பிடித்து அமுக்கினார்கள். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது என்று கட்டிலில் எழுதித் தொங்கவிட்டார்கள். வயிற்றுக்குள் கேமரா விட ஆள் கூப்பிட்டார்கள். கேமராவுக்கு முன்னால் போலீஸ் வந்துவிட்டது. நோட்டும் கையுமாக ஒரு ஏட்டு. தற்கொலை முயற்சி என்றால் வாக்குமூலம் வாங்க வேண்டுமாம்.

“என்னத்துக்குவே இப்பிடிச் செய்தீரு?” என்று காதருகே குனிந்தார். நல்ல மனுஷன், குரலில் இரக்கம் இருந்தது.

நான் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, கிடைத்த மூச்சில் ஒரே சொல் சொன்னேன். “கறை.”

“என்ன கறை? பேருக்கு வந்த கறையா?”

“த... தரை...”

“தரைத் தகராறா? வஸ்துத் தர்க்கம்,” என்று எழுதிக்கொண்டார். எங்கள் பக்கம் வஸ்து என்றால் நிலம்.

காப்பாற்றியது பணி டாக்டர். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. டார்ச் அடித்து என் வாய்க்குள் பார்த்தார், நாக்கைப் புரட்டினார். “உதட்டுல, நாக்குல ஒரு புண்ணும் இல்லையே” என்றார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு குனிந்து என் தலைமுடியை முகர்ந்தார். பிறந்ததிலிருந்து என் தலையை யாரும் அவ்வளவு மரியாதையாக முகர்ந்ததில்லை. “இவரு குடிக்கல சிஸ்டர். குளோரினை இழுத்திருக்காரு. முதல்ல இந்தத் துணியை மாத்துங்க, தலையையும் கண்ணையும் நல்லாக் கழுவுங்க.” ஏட்டு தாம் எழுதிய தாளைத் தாமே கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.

டாக்டர் எனக்கும் லீலாவுக்கும் புரியும்படி சொன்னார். இந்த வாயு ஈரத்தைத் தேடிப் போகும். கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் எல்லாம் ஈரமான இடங்கள், அங்கே போய்ப் புண்ணாக்கும். மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குவதால்தான் மூச்சில் இந்த விசில் சத்தம். அதற்கு மருந்தைப் புகையாக்கி முகமூடி வழியாக இழுக்கச் சொல்வார்கள், அதன் பெயர் நெபுலைசர். சில பேருக்கு முதலில் சரியானது போல் இருந்து, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் இரண்டு நாளாவது கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும்.

இந்த நீர் கோக்கிற விஷயத்தை அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் பக்கம் வெப்ராளம் என்று ஒரு சொல் உண்டு. மனசு கிடந்து பதறுவது. அது என் உடம்பில் பட்டா வாங்கிக் குடியிருந்தது. விரலில் ஒரு கிளிப் மாட்டியிருந்தார்கள், ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று எண் காட்டும். தொண்ணூற்றொன்று என்றது. தொண்ணூற்று நாலுக்கு மேல் இருக்க வேண்டுமாம். நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒன்று குறைந்தால் பயத்தில் மூச்சைப் பிடிப்பேன், பிடித்ததால் இன்னொன்று குறையும். நர்ஸ் வந்து திரையை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாள். உடனே நீர் கோத்துவிட்டது என்று முடிவு செய்தேன். இடது நெஞ்சில் குளக்குளக்கென்று சத்தம். லீலாவை எழுப்பினேன். கேட்டுப் பார்த்துவிட்டு, “அது அடுத்த கட்டிலு அண்ணன் வெள்ளம் குடிக்க சத்தம்” என்றாள்.

மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். மற்ற ரத்தம் போல் இல்லை இது. ஆழத்தில் துடிக்கிற குழாயிலிருந்து எடுக்க வேண்டும், நுரையீரல் வேலை செய்கிற லட்சணம் அதில்தான் தெரியும். வலியில் நான் போட்ட சத்தத்துக்கு, குரல் திரும்பிவிட்டது என்று டாக்டர் சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், வார்டு கொஞ்சம் அடங்கியிருந்த நேரம். லீலா என் கால்மாட்டில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். திடீரென்று குரலைத் தாழ்த்தினாள்.

“ஒரு காரியம் கேக்கட்டா? உள்ளதைச் சொல்லணும். கறை களையத்தானே அதை விட்டிய? மனசுல வேற வல்லதும் இல்லல்லா?”

“இருக்கு” என்றேன். “உனக்க அவியலைத் தின்னு தின்னு வெறுத்துப் போச்சு.”

வழக்கமாக இதற்குக் கையில் இருப்பது என் மேல் வந்து விழும். விழவில்லை. அவள் சிரிக்கவில்லை. “நிங்க எப்பவும் களியாக்கிட்டே இரிப்பிய. எது களி, எது காரியம்ணு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள். கண் நிறைந்திருந்தது. நான் முகமூடியைக் கழற்றி, ஒரு கேலியும் இல்லாமல், “கறைக்குத்தான் லீலா. பிள்ளை வழுக்கி விழக் கூடாதேண்ணு” என்றேன். முப்பது வருடத்தில் கேலி கலக்காமல் நான் சொன்ன முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம். அவள் முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவியல் பிடிக்கல்லேண்ணா ஆதியமே சொல்லணும்” என்றாள்.

அதற்குள் சேவியர் ஆட்டோ ஸ்டாண்டில் சொன்ன சேதி தேங்காய்ப்பட்டணம் வரை போய்விட்டது. திங்கட்கிழமை காலையில் சம்பந்தியம்மா வந்து நின்றார். பெயர் ரோஸ்லின். ஒரு கையில் கஞ்சித் தூக்குவாளி, மறு கையில் குடை. கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“குடிச்சீரா, மணந்தீரா?”

“மணந்தேன்.”

“லேப்புல வேலை பாக்கிய ஆளு!” கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னார். “கேளும் அத்தான். எனக்க மருமகளுக்கு இளைப்பு உண்டு. வயித்துல பிள்ளை. இந்த மாதிரி விஷத்தை மூலைமூலைக்கு வச்சிருக்க வீட்டுக்கு அவளை எப்பிடி விட? புதனாழ்ச்சை அனுப்ப முடியாது.”

லீலாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஷைனி போனில் வந்தாள். “அப்பா, நிங்க பேசாண்டாம், கேட்டா மதி. அத்தை சொல்லது சரிதான். ஆனா நான் அங்கதான் வருவேன். வீட்டைச் சரியாக்குங்க.” வைத்துவிட்டாள்.

“வேற என்னென்ன இருக்கு வீட்டுல?” என்றார் சம்பந்தியம்மா. பாவமன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன். அடுப்படியில் கிரைண்டருக்கு அடியில் ஆசிட் கேன். சரி. ரப்பருக்கு அடிக்கும் துரிசு, நீலக் கல்கண்டு போல இருக்கும், அது பழைய ஹார்லிக்ஸ் குப்பியில். சரி. எலி மருந்து...

“அது எங்க?”

“அரிசிப் பானைக்குப் பின்னாடி” என்றாள் லீலா. “கரண்டியும் அதுக்குள்ளயே கிடக்கு.”

“கர்த்தரே!” என்றார் சம்பந்தியம்மா.

பெயிண்டில் கலக்கும் தின்னர் பாதி, மண்ணெண்ணெய் கொஞ்சம், என்ன என்று எங்கள் இருவருக்குமே தெரியாத ஒரு பச்சைப் புட்டி. மழைக்காலத்தில் ரப்பர் ஷீட்டைக் காய வைப்பது அடுப்புக்கு மேலே பரணில், அந்தப் புகையிலேதான் லீலா சமைக்கிறாள். நான் சொல்லச் சொல்ல எனக்கே நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடத்து அலமாரியில்கூட இத்தனை சரக்கு கிடையாது, அங்கே பூட்டாவது இருக்கிறது. சுற்று வந்த டாக்டர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “தின்கிற குடிக்கிற பாட்டில்ல எதையும் ஊத்தி வைக்காதீங்க. வாங்கின பாட்டில்லயே இருக்கணும். வீட்டை விட்டுத் தள்ளி, பூட்டி வையுங்க. வேண்டாததைத் தோட்டுல, ஓடையில கொட்டிராதீங்க, வாங்கின கடையில கேளுங்க” என்றார். பிறகு, “காத்து வர்ற வழியை அடைக்காதீங்க” என்று என்னைப் பார்த்துத் தனியாகச் சொன்னார்.

சம்பந்தியம்மா குடையை எடுத்தார். “புதனாழ்ச்சை நான் வருவேன். பாப்பேன். பின்னே சொல்லுதேன்.” ஏழாம் மாதம் முடியப் பதினாறு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில், எண் தொண்ணூற்றேழைத் தொட்டதும் விட்டார்கள். மாடி ஏறக் கூடாது, புகை ஆகாது, இழுக்கிற மருந்து இன்னும் ஒரு மாதம். பில்லைப் பார்த்து எண் மறுபடி குறையாமல் லீலா பார்த்துக்கொண்டாள். அன்று முழுக்க நான் முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்து விரலை நீட்ட, லீலாவும் சேவியரும் சுமந்தார்கள். ஷீட் அடிக்கிற மெஷின் நிற்கும் புரையில், அந்தச் சின்னக் கொட்டகையில், வீட்டிலிருந்து நாற்பதடி தள்ளி, ஒரு பழைய இரும்பு அலமாரி. எல்லாம் அதற்குள் போயிற்று. நான் ஒவ்வொன்றுக்கும் லேபிள் எழுதினேன், பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில். பச்சைப் புட்டிக்கு மட்டும் ‘தெரியாது, தொடாதே’ என்று. பரணில் இருந்த ஷீட்டுகளும் புரைக்குப் போயின. குளியலறை ஜன்னல் அட்டையை நானே கிழித்தேன்.

எல்லாம் முடிந்ததும் சேவியர் வெட்கத்தோடு என் கையைப் பிடித்தான். “அண்ணே, ஒரு காரியம் உண்டு. வாரும்.” ஷைனிக்கென்று ஒதுக்கிய அறையைத் திறந்தான். நாலு சுவரும் நீலத்தில் மின்னின. என்னை ஆஸ்பத்திரியில் விட்டு வந்த பிறகு, வீட்டுச் சாவி கையில் இருக்க, மனசு கேட்காமல் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து அடித்திருக்கிறான். இரும்புக் கேட்டுக்கு வாங்கி மிஞ்சிய எனாமல் பெயிண்ட்.

“கொள்ளாம்டே!” என்றேன். அப்படியே கட்டிக்கொண்டேன்.

பின்னால் வந்த லீலா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். “நிங்களுக்கு மணம் தெரியல்லியா?”

தெரியவில்லை. காப்பித்தூளை முகர்ந்தேன், வெங்காயத்தை முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. குளோரின் என் மூக்கையும் கொண்டு போயிருந்தது. கொஞ்ச நாளில் வரும், வராமலும் போகலாம் என்று டாக்டர் போனில் சொன்னார். எனக்கு அப்போது அந்தக் கவலை இல்லை. மறுநாள் புதன்.

சம்பந்தியம்மா வந்தார். அலமாரியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். அரிசிப் பானையை நகர்த்திப் பார்த்தார். குறை எதுவும் கிடைக்கவில்லை, அதுவே பெரிய பாராட்டு. நீல அறையின் வாசலில் நின்றார். சேவியர் தூணுக்குப் பின்னால் போய்விட்டான்.

“இதை யாரு செய்தது?”

“ஸ்நேகத்துல ஒரு பையன்...” என்றேன்.

அவர் தூணைப் பார்த்தார். திட்டவில்லை. “நல்ல ஸ்நேகம். ஆனா இந்த மணத்துல அவ ஒரு ராத்திரி கிடக்க மாட்டா. பத்து நாளு கதவையும் சன்னலையும் மலக்கத் திறந்து போடுங்க. அடுத்த சனியாழ்ச்சை அவளையே கூட்டிட்டு வாறேன். அவ மணந்து பாக்கட்டு. வாசல்ல நெஞ்சு இழுத்துதுண்ணா, அப்பிடியே திருப்பிக் கொண்டு போவேன். சொன்னது சொன்னதுதான்.”

பத்து நாள் என் வீட்டில் மூக்குக்கு இருந்த மதிப்பு வேறு எதற்கும் இல்லை. எனக்கோ மூக்கு செத்துவிட்டது. லீலாவைக் கேட்டால் இரண்டாம் நாளே, “ஒண்ணும் மணக்கல்ல” என்றாள். அது ஆசை. சேவியரைக் கேட்டால் எட்டாம் நாளும், “மணக்கு அண்ணே” என்று தலையைக் குனிந்தான். அது குற்ற உணர்ச்சி. வேறு வழியில்லாமல் தபால்காரரை உள்ளே அழைத்து மூலையில் நிற்க வைத்து, “இழுத்துச் சொல்லும்” என்றேன். அவர் என் தொண்டையைப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பின்னாலேயே நடந்து வெளியே போனார்.

சனிக்கிழமை வந்தது. சேவியரின் ஆட்டோ முற்றத்தில் நின்றது. முதலில் குடை இறங்கியது, பிறகு சம்பந்தியம்மா, பிறகு மெதுவாக இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஷைனி. பெட்டியை இறக்க வேண்டாம் என்று சம்பந்தியம்மா சேவியரிடம் கை காட்டினார்.

ஷைனி நடையில் ஏறி, கூடத்தைக் கடந்து, நீல அறை வாசலில் நின்றாள். மூச்சைப் பிடிக்கக் கூடாது என்பது எனக்கு டாக்டர் உத்தரவு. பிடித்தேன். அவள் கண்ணை மூடி நீளமாக இழுத்தாள். அவளுக்கு இழுப்பு வரும்போது முதலில் ஒரு மெல்லிய சத்தம் கேட்கும், நாலு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சத்தம். அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். விட்டாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

“அப்பா.”

“என்ன மக்களே?”

“அம்மா சாளைக்கறி வச்சிருக்கா?”

சாளைமீன் குழம்பு என்ன, எனக்கு எதுவுமே மணக்கவில்லை. அடுப்படி வாசலில் லீலா கரண்டியோடு நின்று, வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

“ஆமா” என்றேன்.

ஷைனி அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தார். பிறகு முற்றத்துப் பக்கம் திரும்பினார்.

“ஏ சேவியரே, பெட்டியை எடுத்து உள்ள வையி.”